ஆண்டறிக்கை 2024–25: மாணவர் திறன் கோப்புப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகமும் தண்ணீர்ப் பந்தலும் வழக்கம்போல் நடந்தன. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகள் தாம் செய்த வேலைகளை வேலை தேடும்போது காட்டத் தொகுக்கும் திறன் கோப்பைப் பற்றித்தான் இங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

கோவையில் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கை பழகியவர் நாளைக்கே வி.எம்.சி.க்கோ (கணினி வழி இயங்கும் செங்குத்து மில்லிங் இயந்திரம்), தரப் பரிசோதனைக்கோ, பராமரிப்புக்கோ போக நேரலாம். சான்றிதழ்களை அடுக்கிய ஃபைல் அப்போது கைகொடுக்காது. அதனால் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று வைத்தோம். வரைபடம், ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த படம், அளந்த அளவுகள், எங்கே தப்பியது, எப்படிச் சரிசெய்தார் என்பவை அதில் வரவேண்டும். தப்பியதை எழுதப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். நேர்காணலில் நல்ல கேள்விகள் பிறப்பதே அந்த இடத்தில்தான்.

பக்கங்கள் அதிகம் அடிவாங்குவது அளவில். ஒரு ஷாஃப்ட்டை (இயந்திரத்தில் சுழலும் தண்டை) எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் 25 எச்7 என்று இருக்கிறது; 25 என்பது மி.மீ. விட்டம், எச்7 என்பது அது எவ்வளவு விலகலாம் என்பதற்கான குறியீடு. இது ஆங்கிலச் சின்ன எச், தண்டுக்கு (பெரிய எச் துளைக்கு). விட்டம் 25.000 மி.மீ.க்கும் 24.979 மி.மீ.க்கும் நடுவே நிற்க வேண்டும். பக்கத்தில் ‘வெர்னியரில் 24.99’ என்று எழுதியிருந்தால் கியூ.சி. (தரப் பரிசோதனை) ஆள் அங்கேயே மூடிவைத்துவிடுவார். லீஸ்ட் கவுண்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. உள்ள வெர்னியர் அளவுகோல் 24.98 காட்டும், 25.00 காட்டும், 24.99 காட்டாது. நேர்மையாக அளந்தாலும் 0.021 மி.மீ. டாலரன்ஸுக்கு (அனுமதித்த விலகலுக்கு) அந்தக் கருவி போதாது. இன்னும் நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி வேண்டும், அளக்குமுன் அது பூஜ்யத்தில் சரியாக நிற்கிறதா என்று பார்த்ததையும் எழுத வேண்டும்.

இதே ஷாஃப்ட் பக்கம் மூன்று வேலைக்கு உதவும். தரப் பிரிவுக்கு அளவு அட்டவணை மேலே வரட்டும், சி.என்.சி.க்கு (கணினி இயக்கும் இயந்திர வேலைக்கு) புரோகிராமும் ஃபீடை (வெட்டும் கருவி நகரும் வேகத்தை) மாற்றிய காரணமும், பராமரிப்புக்கு அதிர்வு எதனால் வந்தது என்ற குறிப்பு. சி.என்.சி. கட்டுப்பாட்டு அமைப்புகளில் ஃபானக்கில் மட்டும் பழகியவர் அதையும் மறைக்காமல் எழுதலாம்; அங்கே ஜி71 என்ற கட்டளை செய்கிற முரட்டுக் கடைசல் வேலையைச் சீமென்ஸ் அமைப்பில் சைக்கிள்95 செய்கிறது. தர்க்கம் ஒன்றுதான் என்று விளக்கத் தெரிந்தால் போதும்.

இணையப் படிப்பில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து பணம் கட்ட வேண்டும். பாடம் முழுவதும் பார்த்துவிட்டு இதைத் தவறவிட்டால் சான்றிதழ் கிடையாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75 மதிப்பெண்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. டிரைவ் லிங்க்கைத் திறந்தால் ‘அனுமதி கேளுங்கள்’ என்று நிற்கும். அனுப்புமுன் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி படிப்பு முடிந்ததும் செத்துவிடலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் அரசின் மின்னாவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் எடுப்பது இழுபடும். பயிற்சிக்குப் போன கம்பெனியின் வரைபடத்தைப் படமெடுத்துக் கோப்பில் வைக்கவே கூடாது. பெயரை அழித்தாலும் கூடாது. அதே பாகத்தைத் தன் அளவில் கையால் வரையட்டும்.

வரும் ஆண்டுக்கு 0–25 மி.மீ., 25–50 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் ஒவ்வொன்று வாங்கி, நூலகத்தில் கையெழுத்திட்டு எடுத்துச்செல்லும் பொருளாக வைக்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்