லாஸ் பின்யாஸ் மூங்கில் ஆர்கனைக் கட்டியவர்களுக்கும் காத்தவர்களுக்கும் நன்றி

பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலாவுக்குத் தெற்கே, லாஸ் பின்யாஸ் புனித யோசேப்பு ஆலயத்தில் இன்றும் ஒலிக்கிற மூங்கில் ஆர்கனுக்காக (குழல்களில் காற்றைச் செலுத்தி விசைப்பலகையால் வாசிக்கும் இசைக்கருவி) பாடுபட்ட எல்லோருக்கும், குழல் ஆர்கன்களைச் சுருதி சேர்த்துப் பராமரிக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

முதல் வணக்கம் ஸ்பெயினிலிருந்து வந்த அருட்தந்தை தியேகோ செராவுக்கும், 1816-இல் அவரோடு மூங்கில் வெட்டிய கைகளுக்கும். வெட்டிய கையோடு நீங்கள் குழல் செய்ய உட்காரவில்லை. கடற்கரை மணலில் புதைத்துப் பொறுத்திருந்தீர்கள். பச்சை மூங்கிலின் மாவுச்சத்தைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வருகிறது. பதப்படுத்தாமல் செய்த குழல் சில வருடங்களிலேயே உளுத்துப் பொடியாகியிருக்கும்.

மொத்தம் 1031 குழல்கள், அவற்றில் 902 மூங்கில். தகரமோ ஈயமோ என்றால் வேண்டிய விட்டத்துக்குத் தகட்டை உருட்டிக்கொள்ளலாம். மூங்கிலின் விட்டத்தை மூங்கில்தான் முடிவு செய்கிறது. சுருதி ஏற ஏற விட்டம் சீராகக் குறையாவிட்டால், அடுத்தடுத்த குழல்களில் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் பேசும். ஆகவே ஒவ்வொரு கழியையும் அளந்து, பொறுக்கி, வெடிப்பு விழாமல் கணுத்தடுப்பை உடைத்தெடுக்க வேண்டும். 902 முறை! அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது?

1821-இல் மற்ற வேலை முடிந்தும், எக்காளக் குழல்கள் 1824-இல்தான் வந்தன, அவையும் உலோகத்தில். அது சரியான முடிவு. எக்காளக் குரலுக்கு நாக்கின் (காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய உலோகத் தகடு) மேல் கூம்பாக விரியும் குழல் வேண்டும். நேர் உருளையான மூங்கிலை வைத்தால் கிளாரினெட் போலக் குரல் உள்வாங்கிவிடும்.

நிலநடுக்கமும் புயலும் ஆர்கனை ஊமையாக்கிய காலத்திலும் குழல்களைத் தூக்கி எறியாத ஊர்க்காரர்களே, நீங்கள் இல்லாவிட்டால் பின்னால் வந்தவர்கள் சீரமைக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

1973 முதல் 1975 வரை ஜெர்மனியின் பான் நகரில் இந்த ஆர்கனைச் சீரமைத்த கிளைஸ் ஆர்கன் பட்டறையினருக்கும், ஜப்பானில் குழல்களைச் செப்பனிட்டவர்களுக்கும் நன்றி. பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரப்பதமும் கொண்ட தனி அறையை ஜெர்மனியில் அமைத்தீர்களே, அதுதான் குழல்களைக் காப்பாற்றியது. சூடேற்றிய வறண்ட காற்றில் மூங்கில் சுருங்கிப் பிளக்கும். மயிரிழைப் பிளவு போதும், காற்று கசிந்து குழல் பேசாது.

இன்று சுருதி பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு டிகிரி சூடு ஏறினால் மூங்கில் குழல்களின் சுருதி அரைச்சுரத்தில் நூறில் மூன்று பங்கு ஏறும். நாக்குக் குழல்கள் அவ்வளவாக அசையாது. அப்போது 902 குழல்களையும் தொட்டுக் கெடுக்காமல், எக்காளத்தின் நாக்கை அழுத்திப் பிடிக்கும் கம்பியை மட்டும் தட்டிச் சரிசெய்யும் உங்கள் நிதானத்துக்கு நன்றி.

லாஸ் பின்யாஸிலேயே, செராவின் பெயர் தாங்கிய ஆர்கன் பட்டறை ஒன்று இயங்குகிறது. இனி ஒரு குழல் பிளந்தால் அதைக் கப்பலேற்ற வேண்டியதில்லை. அங்கே உளி பிடித்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் எங்கள் நன்றி.