சிக்னல் பிரிவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வரும் உலகப் போர்த் தொடரை விடாமல் படித்து வருகிறேன். பீரங்கி, டாங்கி, விமானம் என்று எல்லாவற்றையும் விரிவாகவே எழுதுகிறீர்கள். ஆனால் 'தளபதி உத்தரவிட்டார், படை முன்னேறியது' என்று வரும்போது மட்டும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறீர்கள். அந்த உத்தரவு படைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? படைகளுக்கிடையே செய்தி கொண்டுசேர்க்கும் சிக்னல் பிரிவுக்காரர்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில், பீரங்கி ஷெல்லுக்குத் தப்ப வேண்டும் என்று தொலைபேசிக் கேபிளை 6 அடி ஆழத்தில் புதைத்தார்கள். 1916 ஜூலையில் பிரான்ஸில் சோம் சண்டை தொடங்கியபோது, பதுங்குகுழி வரைக்கும் அது ஓரளவு தாக்குப்பிடித்தது. குழியைத் தாண்டிப் போன காலாட்படைக்குக் கம்பியைத் தரைமேல்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஷெல் விழ விழ அறுந்துகொண்டே இருந்தது. அப்போதெல்லாம் லைன்மேன் கிளம்புவார். இரவில் விளக்குக் காட்ட முடியாது. கம்பியை உள்ளங்கைக்குள் நழுவவிட்டபடியே நடப்பார். கை வெறுமையாகும் இடம்தான் அறுந்த இடம். மறுமுனை வெடிப்பில் எங்கேயாவது வீசப்பட்டுக் கிடக்கும். அதைச் சேற்றில் தடவித் தேடி எடுத்து, உறையைச் சீவி, முடிச்சுப் போட்டு, டேப் சுற்றுவார். பிறகு கையோடு கொண்டுவந்த தொலைபேசியை மாட்டி இரண்டு பக்கமும் கூப்பிட்டுப் பார்ப்பார். பின்னாலிருந்து பதில் வரும், முன்னாலிருந்து வராது. சரி, இன்னும் முன்னால் வேறொரு இடத்திலும் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் தலையைத் தாழ்த்திக் குழிக்குள் இருக்கிற நேரம் பார்த்து வெளியே நடக்க வேண்டிய வேலை இது. துப்பாக்கி ஏந்தி முன்னேறுவதற்குக் கொஞ்சமும் குறைந்த வீரம் இல்லை.

கம்பி அறுந்தால் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. ஒற்றைக் கம்பி போட்டு, மின்னோட்டம் மண் வழியாகத் திரும்பும்படி விட்டிருந்ததால், எதிர்ப்பக்கத்து ஜெர்மானியர்கள் மண்ணில் கசிந்த மின்னோட்டத்தைப் பிடித்தே பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். இதைச் சமாளிக்க 1915-இல் ஃபுல்லர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி உருவாக்கிய ஃபுல்லர்ஃபோன் கருவிக்கே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். அதற்கு முந்தைய ஆண்டு (1914) கிழக்குப் போர்முனையில் டானன்பெர்க்கில், ரஷ்யர்கள் ஒயர்லெஸ்ஸில் பல உத்தரவுகளைச் சங்கேதமே இல்லாமல் அனுப்ப, ஜெர்மானியர்கள் கேட்டுக்கொண்டே திட்டம் போட்டார்கள். ரஷ்யத் தளபதி சாம்சனோவின் படையில் 90,000-க்கும் அதிகமானோர் கைதானார்கள்.

சென்ற இதழில் இரண்டாம் உலகப் போரில், நெதர்லாந்தில் நடந்த 1944 செப்டம்பர் ஆர்னெம் சண்டையை எழுதியபோது, ஒயர்லெஸ் சொதப்பியதை ஒரு வாக்கியத்தில் குறைசொல்லி முடித்துவிட்டீர்கள். அது நியாயமில்லை. சக்தி குறைந்த செட்டுகள், நடுவே மரக்காடு, கட்டடங்கள், அலை எட்டவில்லை. தொடர்பு கிடைக்காமல், அங்கே வானிலிருந்து இறங்கிய பிரிட்டிஷ் டிவிஷனின் தளபதி அர்க்கார்ட் தானே நேரில் கிளம்பிப் போய், எதிரிகள் நடமாடும் தெருவில் ஒரு வீட்டுப் பரணில் மாட்டிக்கொண்டார். 17-ஆம் தேதி போனவர் 19-ஆம் தேதி காலையில்தான் தலைமையகம் திரும்பினார். அதுவரை அந்த டிவிஷனுக்குத் தளபதி இருந்தும் இல்லாத நிலைமை. நீங்கள் விட்டுவிட்ட பாதி ஒன்றும் இருக்கிறது. 21-ஆம் தேதி, தெற்கே நைமேகன் பக்கம் வந்துவிட்ட 64-ஆவது மீடியம் ரெஜிமெண்ட் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படையுடன் ஒயர்லெஸ் தொடர்பு கிடைத்துவிட்டது. அப்புறம் அந்தப் பீரங்கிகள் பல மைல் தொலைவிலிருந்து, ஆர்னெம் அருகே ஊஸ்டர்பீக்கில் சுற்றிவளைக்கப்பட்டிருந்த டிவிஷன் வீரர்களைச் சுற்றி நின்ற எதிரிகளைக் குறிபார்த்துச் சுட்டன. அவர்கள் 25-ஆம் தேதி இரவுவரை தாக்குப்பிடித்ததில் அந்தத் தொடர்புக்குப் பெரிய பங்கு உண்டு.

தொடரின் அடுத்த பகுதிகளில் ஒவ்வொரு சண்டையை விவரிக்கும்போதும், உத்தரவு கம்பியில் போனதா, ஒயர்லெஸ்ஸில் போனதா, புறாவின் காலில் போனதா, ஓடிப்போய்ச் சொன்ன ஆளிடம் போனதா என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணி நேரம் தாமதமானது என்பதையும் எழுதுங்கள். தோற்ற சண்டைகளில் பாதிக்கு விளக்கம் அங்கேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தொடரின் வாசகர் ஒருவர்