அந்தப் பட்டியலில் கை வைக்காதீர்கள்

ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமர்ந்திருக்கும் 15 நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். ஆயுத மோதல்களில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிய பொதுச்செயலாளரின் அறிக்கை ஆண்டுதோறும் உங்கள் மேசைக்கு வருகிறது. 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் 41,370 கடுமையான மீறல்கள் பதிவாகியிருக்கின்றன. இந்தக் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு இதுதான் மிக அதிகம். அதுவும் ஐ.நா. ஊழியர்கள் விசாரித்து உறுதிசெய்தவை மட்டும். விசாரிக்க ஆள் போக முடியாத ஊரில் செத்த பிள்ளை இந்த எண்ணில் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது எண்ணைப் பற்றி அல்ல. அறிக்கையின் கடைசியில் இணைத்திருக்கும், இந்த மீறல்களைச் செய்த ராணுவங்கள், ஆயுதக் குழுக்களின் பெயர்ப் பட்டியலைப் பற்றி.

2001இல் 1379ஆம் தீர்மானத்தின் வழியாக அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கியது உங்கள் சபைதான். அதில் பெயர் ஏறினால் அபராதம் கிடையாது, சிறையும் கிடையாது. அவமானம் ஒன்றுதான். அப்படியும் அது வேலை செய்கிறது. பெயரை எடுக்க வேண்டுமென்றால் ஐ.நா.வுடன் செயல்திட்டம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும், படையில் இருக்கும் சிறுவர்களை விடுவிக்க வேண்டும், முகாம்களைத் திறந்து காட்ட வேண்டும். சாட் நாட்டு ராணுவம் 2011இல் கையெழுத்திட்டது. 2014இல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்களையும் ஒரு காகிதம் கூச்சப்பட வைக்கும் என்பதை நானும் முதலில் நம்பவில்லை.

சரி, அந்தக் கூச்சம் எல்லோருக்கும் ஒன்றுதானா? 2016இல் ஏமனில் குழந்தைகளைக் கொன்றதற்காகவும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தாக்கியதற்காகவும் சவூதி தலைமையிலான கூட்டணியின் பெயர் ஏறியது. சில நாட்களிலேயே அது எடுக்கப்பட்டது. ஐ.நா. திட்டங்களுக்கான நிதி நின்றுபோகும் என்ற அச்சம்தான் காரணம் என்று அன்றைய பொதுச்செயலாளர் பான் கி மூனே வெளிப்படையாகச் சொன்னார். பசித்த பிள்ளைகளுக்கான பணத்தைக் காட்டி, செத்த பிள்ளைகளின் கணக்கை அழிக்கச் செய்தார்கள். இதைவிடக் கேவலமான பேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

பட்டியல் பொதுச்செயலாளருடையது, எங்களுடையது அல்ல என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவருக்குப் போகும் தொலைபேசி அழைப்புகள் எந்தத் தலைநகரங்களிலிருந்து போகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நெருக்கடி இருந்தும் சில பெயர்கள் ஏறத்தான் செய்தன: 2023இல் ரஷ்யப் படைகள், 2024இல் இஸ்ரேலியப் படைகளும் ஹமாசும். வலியவர் பெயரையும் எழுத முடியும் என்றால், 2016இல் நடந்ததற்கு என்ன சாக்கு?

இன்னொரு ஓட்டை இருக்கிறது. கடுமையான மீறல்கள் என்று ஐ.நா. வகுத்தவை ஆறு. கொல்வதும் ஊனமாக்குவதும், படையில் சேர்ப்பது, பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளி மருத்துவமனைகளைத் தாக்குவது ஆகிய ஐந்தில் எதைச் செய்தாலும் பெயர் ஏறும். ஆறாவது, நிவாரணத்தை மறிப்பது. அதற்கு மட்டும் ஏறாது. எண்ணுவார்கள், அவ்வளவுதான். 2024இல் அப்படி எண்ணியது 7,906 சம்பவங்கள். குண்டு போட்டால் பெயர் வரும், மாவு லாரியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் வராது. இந்தக் கணக்கு எந்தத் தாய்க்குப் புரியும்?

இந்த ஓட்டையை அடைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. பள்ளி, மருத்துவமனைத் தாக்குதலை 2011இலும் கடத்தலை 2015இலும் புதிய தீர்மானங்கள் போட்டுத்தானே சேர்த்தீர்கள்? அதே வழியில் இன்னொரு தீர்மானம் போடுங்கள். அப்புறம், எந்தப் பெயரை எடுத்தாலும், எந்தச் செயல்திட்டத்தின் எந்த வாக்குறுதி நிறைவேறியதால் எடுத்தோம் என்பதை அந்த அறிக்கையிலேயே அச்சிடும்படி கேளுங்கள்.

அடுத்த விவாதத்தில் உங்கள் முறை வரும்போது, பட்டியலில் உங்கள் நட்பு நாடு இருந்தால், முதலில் அதன் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
அறிக்கையின் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டும் ஒரு வாசகர்