குப்பைக்குப் போகும் குப்பிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் நான். சென்ற மாதம் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையின் காட்சி அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கணினி அறைக்கு இடம் தேவையாம். ஃபார்மலின் குப்பிகளும் பாடம் செய்த பறவைகளும் வேப்பமரத்தடியில் வெயிலில் கிடந்தன. ஒரு குப்பிக்குள் பலனோகுளோசஸ் என்ற கடல் புழு. 'குருசடைத் தீவு, 1962' என்று, அது பிடிபட்ட மன்னார் வளைகுடாத் தீவின் பெயரை யாரோ மையால் எழுதி ஒட்டிய லேபிள் இன்னும் அழியவில்லை. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

பழைய சரக்கு என்று இவற்றைக் கழிக்கிறவர்கள் எங்கள் தேனி மாவட்டத்து மேகமலை வௌவாலின் கதையைக் கேட்க வேண்டும். 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் அங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அது எங்கும் காணப்படும் குட்டைமூக்குப் பழந்தின்னி என்ற தவறான பெயரோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதன் மண்டையோட்டையும் பற்களையும் ஆராய்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. புதிய இனம், அதுவும் தனிப் பேரினம் (நெருங்கிய இனங்களை ஒன்றுசேர்க்கும் பிரிவு)! 1972இல் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார்.

பெயர் மாறியதால் என்ன ஆனது? பழந்தின்னி வௌவால்களை நம் வன உயிரினச் சட்டம் நெடுங்காலம் எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில் வைத்திருந்தது. இந்த ஒன்று மட்டும் பின்னாளில் உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்குப் போனது. அந்த வௌவால் இருந்த பெட்டியை யாராவது இடைஞ்சல் என்று வெளியே வீசியிருந்தால்?

கல்லூரிகளில் தவளை அறுப்பதை நிறுத்தியது சரிதான். நான் அதை முழுமனதோடு வரவேற்றவள். ஆனால் புதிதாக உயிர்களைக் கொல்லப் போவதில்லை என்றால், ஏற்கெனவே இருப்பவற்றை இரட்டிப்புக் கவனத்தோடு காக்க வேண்டாமா? உயிரினத்தை அடையாளம் காண மாணவர்கள் வேறு எதைப் பார்த்துக் கற்பார்கள்? படத்தில் செதிலை எண்ண முடியாது.

கல்லூரிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. எந்தக் கல்லூரியும் சேகரிப்பைக் கழிக்கும் முன் லேபிள் விவரங்களோடு பட்டியல் எடுத்து, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மண்டல மையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள்.

அந்தக் குருசடைக் குப்பியை அனுமதி கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, வற்றியிருந்த திரவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். உரிய இடம் எதுவென்று சொன்னால் நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தேனி.