துணை ஆயுதம்: உறையும் பயிற்சியும் இல்லாத பிஸ்டல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெருங்கிய சண்டைக்கான புதிய கார்பைன்கள் (குழல் குட்டையான ரைபிள்கள்) பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கார்பைன் விவகாரம் 2008-லிருந்து டெண்டரும் ரத்துமாக இழுபட்டு வந்தது. 2018-ல் ஓர் அமீரக நிறுவனத்திடமிருந்து 93,895 கார்பைன்களை அவசரமாக வாங்குவதென்று தொடங்கிய முயற்சியும் 2020-ல் கைவிடப்பட்டது. அதையெல்லாம் பார்த்துச் சலித்த எங்களைப் போன்ற முன்னாள் படைவீரர்களுக்கு, உள்நாட்டிலேயே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட 5.56 மி.மீ. கார்பைன்களைத் தயாரிக்க 2025 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது நிம்மதி தருகிறது. ஆனால், கார்பைன் வந்துவிட்டதால் இனி வீரனுக்கு பிஸ்டல் தேவையில்லை என்று ஒரு வாசகரும், ஒவ்வொரு வீரனுக்கும் கூடுதலாக ஒரு சிறிய சப்-மெஷின் கன் (பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கி) தரவேண்டும் என்று இன்னொரு வாசகரும் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. ராணுவத்தில் ஆர்மரராக இருந்து துப்பாக்கிகளைப் பழுது பார்த்தே ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

துணை ஆயுதத்துக்கு வேலை வருவது கையிலிருக்கும் துப்பாக்கி நின்றுபோகும் அந்த ஓரிரு நொடியில்தான். எந்தத் துப்பாக்கியும் நிற்கும். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழாமல் சேம்பர் (தோட்டா அமரும் அறை) வாயிலேயே சிக்கிக்கொள்ளும். மேகசினின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியின்) உதடு சற்று வளைந்திருந்தால் அடுத்த ரவுண்டு (தோட்டா) மேலேறாது. மண்ணும் பழைய எண்ணெயும் சேர்ந்து சேம்பரை அடைக்கும் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். கார்கில் போரின்போது நம் ராணுவ ரைபிளான இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல் விட்டதும் இந்த வகைதான். இவை எதுவும் இல்லாவிட்டாலும் மேகசின் காலியாகும் நேரம் என்று ஒன்று வந்தே தீரும். எதிரி நூறு மீட்டரில் இருந்தால், ஒரு பாறைக்குப் பின்னால் குனிந்து, போல்ட்டை இழுத்து (காக் செய்து), மேகசினை மாற்றிக்கொள்ளலாம். மூன்று மீட்டரில், அதே அறைக்குள் இருந்தால் அந்த அவகாசம் கிடையாது. 1983-ல் அமெரிக்கக் காவல் அதிகாரி டென்னிஸ் டூலர் செய்து பார்த்த கணக்கு உலகம் முழுவதும் பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்லப்படுகிறது: கத்தியோடு நிற்கும் ஓர் ஆள் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிடுவான். பழகிய கை சிக்கலை நீக்கிச் சுடவும் அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

கார்பைன் குட்டையானது என்பதால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாது. நீளம் குறைந்தால் திரும்புவது எளிது என்பது உண்மைதான். இன்சாஸ் போல ஒரு மீட்டரை நெருங்கும் நீளமுள்ள துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணிப் பழைய வீடொன்றின் மாடிப்படியில் ஏறிப் பார்த்தால், வளைவில் முதலில் வெளியே தெரிவது வீரன் அல்ல, குழல்முனைதான் என்பது எவருக்கும் விளங்கும். அதைப் பிடித்து இழுக்க ஒரு கை போதும். கார்பைன் தீர்ப்பது அந்தக் குறையை. துப்பாக்கி நின்றுபோகும் குறை கார்பைனுக்கும் உண்டு.

கூடுதலாகச் சப்-மெஷின் கன் என்ற யோசனைக்கு வருகிறேன். நம் நாட்டில் உருவான 9 மி.மீ. அஸ்மி நல்ல ஆயுதம்; 2024-ல் வடக்குக் கட்டளையகம் 550 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆனால் அது ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள, இரு கையாலும் பிடிக்க வேண்டிய, தோளில் வாரோடு தொங்கும் ஆயுதம். ஏற்கெனவே ஒரு துப்பாக்கி வாரில் தொங்கும் மார்பில் இரண்டாவது வாரும் சேர்ந்தால், அவசரத்தில் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். ஆவடியில் தயாராகும் டாங்கிகளின் குறுகிய மூடித் துவாரத்தின் வழியே வெளியேற வேண்டிய டாங்கி வீரருக்கும், வண்டி ஓட்டுநருக்கும் அதையே முதன்மை ஆயுதமாகத் தரலாம். முன்பு நம் 9 மி.மீ. ஸ்டெர்லிங் கார்பைன் செய்துவந்த வேலையும் அதுவே. இன்னொரு துப்பாக்கிக்குத் துணையாகத் தொங்கவிட அது ஏற்றதல்ல.

எனவே மிஞ்சுவது பிஸ்டல். ஒரு கையால் எடுக்கலாம், ஒரு கையால் சுடலாம். இடது தோளில் குண்டு பாய்ந்தவனுக்கும் அது பயன்படும். இந்தச் சலுகையை வேறு எந்தத் துப்பாக்கியும் தருவதில்லை.

எந்த பிஸ்டல் என்ற கேள்வி வந்தவுடன், எந்தக் காலிபர் (தோட்டாவின் விட்டம்) என்ற சண்டை தொடங்கிவிடுகிறது. 45 காலிபர் (0.45 அங்குலம்) அடித்தால் ஆள் சாய்ந்துவிடுவான், 9 மி.மீ. போதாது என்பது நான் சேர்ந்த காலத்திலும் மெஸ்ஸில் நடந்த விவாதம். கணக்கைப் பாருங்கள். குழல்முனையில் 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றல் சுமார் 500 ஜூல். 45 காலிபரும் அதே அளவில்தான் இருக்கிறது. ஏ.கே. துப்பாக்கியின் 7.62 மி.மீ. தோட்டாவோ சுமார் 2,000 ஜூல். ரைபிளோடு ஒப்பிட்டால் எல்லா பிஸ்டலும் பலவீனமானவையே. ஆளைச் சாய்ப்பது குண்டு பட்ட இடமும், அடுத்தடுத்து எத்தனை குண்டு பட்டது என்பதும்தான். உடலுக்குள் விரியும் தோட்டாவைப் பயன்படுத்தலாமே என்றால், அந்த வழியும் படைகளுக்கு இல்லை. கொல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் செய்த விரியும் தோட்டாக்கள் எழுப்பிய கண்டனத்தின் தொடர்ச்சியாகவே 1899-ல் ஹேக் பிரகடனம் அவற்றைப் போரில் விலக்கி வைத்தது. பல நாடுகளில் காவல்துறையினர் அத்தகைய தோட்டாவை வைத்திருக்கிறார்கள். போர்வீரன் முழுவதும் உலோக உறையிட்ட, விரியாத தோட்டாவோடுதான் செல்கிறான். ஆகவே, பின்னுதைப்பு குறைவாகவும் மேகசினில் அதிக ரவுண்டுகளும் கொண்ட 9 மி.மீ. போதும், அந்தத் தோட்டா நம் தொழிற்சாலைகளிலேயே தயாராகிறது, காவல்துறையிலும் புழங்குகிறது. கவசத்தைத் துளைக்கும் 4.6, 5.7 மி.மீ. வகைத் தோட்டாக்களை மேல்நாட்டார் இதற்கென்றே உருவாக்கினார்கள் என்பது தெரியும். ஆனால் துணை ஆயுதத்துக்காக மட்டும் இன்னொரு தோட்டாவை லடாக் வரை சுமந்து செல்லும் ஏற்பாடு நமக்கு வேண்டாத சுமை.

நம் படையில் நெடுங்காலமாக இருக்கும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் இஷாப்பூரில் தயாரானது. பிரௌனிங் ஹை-பவர் என்ற வெளிநாட்டு பிஸ்டலின் வழிவந்தது. மேகசினில் 13 ரவுண்டு. உறுதியான ஆயுதம்தான். அதன் சிக்கல் வேறு. ஹேமரை (தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலை) இழுத்து வைத்தால்தான் விசை (டிரிகர்) வேலை செய்யும். எனவே ஒன்று ஹேமரை இழுத்துச் சேஃப்டி போட்டு வைத்திருக்க வேண்டும், அல்லது சேம்பரைக் காலியாக வைத்து, எடுத்தபின் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல் பகுதியை) இழுக்க வேண்டும். முதல் முறையைப் பெரும்பாலான அதிகாரிகள் விரும்பமாட்டார்கள். இரண்டாம் முறைக்கு இரண்டு கையும் வேண்டும், நொடியும் போகும். பிரிட்டிஷ் ராணுவம் 2013-ல் இதே ஹை-பவரைக் கைவிட்டு 17 ரவுண்டு கொள்ளும் கிளாக் 17-ஐ எடுத்துக்கொண்டபோது, எடைக் குறைவோடு, எடுத்தவுடன் சுடலாம் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. நம் சிறப்புப் படைகளும், தேசியப் பாதுகாப்புப் படையும் கிளாக்கை ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. அந்தப் படையின் மண்டல மையம் ஒன்று 2009 முதல் சென்னையிலேயே இருக்கிறது. வெளி சேஃப்டி இல்லாத இத்தகைய பிஸ்டலில், விசையில் விரல் போகாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. அந்தப் பழக்கம் பயிற்சியில்தான் வரும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது உறையைப் பற்றி. டெண்டர் விவாதங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. மூடியும் பொத்தானும் வைத்த கித்தான் உறையிலிருந்து பிஸ்டலை எடுப்பதைக் கவனித்துப் பாருங்கள்: கட்டைவிரல் பொத்தானைத் தேடும், மூடி மணிக்கட்டில் மடங்கி விழும், பிடி முழுமையாகக் கைக்குள் வருவதற்குள் பிஸ்டலைக் கட்டியிருக்கும் லான்யார்டு கயிறு விரலில் சுற்றும். அதற்கு மேல் புல்லட் புரூஃப் ஜாக்கெட் அணிந்தால் பக்கத் தகடு இடுப்பு வரை இறங்கி, பெல்ட்டில் உள்ள பிடியை மறைத்துவிடும்; வண்டியில் உட்கார்ந்தால் உறை தொடைக்கும் இருக்கைக்கும் இடையில் நசுங்கும்; மார்பில் மாட்டினால் தவழ முடியாது, மேகசின் பைகளும் இடிக்கும். பிடியை வாகாக வெளியே நீட்டி வைத்தால், கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவன் உருவிக்கொள்ளலாம். ஜாக்கெட்டின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தள்ளி நிற்கும், விசைப்பகுதியை முழுவதும் மூடும், கட்டைவிரலால் ஒரே அழுத்தில் திறக்கும் கெட்டியான உறையே இதற்கெல்லாம் பதில். பிஸ்டலோடு ஒப்பிட்டால் அதன் விலை சிறிதே. ஆனால் பிஸ்டலை ஓர் அலுவலகமும் உறையை வேறோர் அலுவலகமும் ஜாக்கெட்டை இன்னொன்றும் வாங்கினால், மூன்றும் ஒன்றாகச் சேர்வது வீரனின் உடம்பில்தான்; பொருந்தவில்லை என்று தெரியவருவதும் அங்கேதான்.

பயிற்சிக்கும் இதே கதி. ஆண்டுக்கொருமுறை நின்ற இடத்தில் நின்று அட்டையைச் சுட்டு மதிப்பெண் வாங்குவது துணை ஆயுதப் பயிற்சி ஆகாது. ரைபிள் நின்றவுடன் இடது கையால் அதை உடலோடு ஒதுக்கி, வலது கை உறைக்குப் போய், ஒரே அசைவில் பிஸ்டல் மேலே வருவதை இருட்டிலும், கையுறையோடும், இடது கையால் மட்டும் என்றும் பழக வேண்டும். இதில் பெரும்பகுதிக்குத் தோட்டாவே தேவையில்லை. காலி பிஸ்டலோடு பாரக்கிலேயே செய்யலாம். எங்கள் காலத்தில் ஆயுதக் கிடங்கிலிருந்து பிஸ்டலை வெளியே எடுப்பதற்கே மூன்று கையெழுத்து தேவைப்பட்டது. பாதுகாப்புக்கு அது நியாயம்தான், ஆனால் எடுத்துப் பழகாத கை சண்டையில் அதைத் தேடாது.

எல்லோருக்கும் பிஸ்டல் தர வேண்டியதில்லை. வீட்டுக்குள் முதலில் நுழையும் இருவர், தடுப்புக் கேடயம் பிடிப்பவர், எல்.எம்.ஜி. (இலகுரக இயந்திரத் துப்பாக்கி) அல்லது ராக்கெட் லாஞ்சர் சுமப்பவர், மருத்துவ உதவியாளர், நாய் பயிற்றுநர் ஆகியோருக்கு முதலில் தரலாம். 2022 அக்டோபரில் அனந்த்நாக்கில் ராணுவ நாய் ஜூம் குண்டடிபட்டு இறந்ததை வாசகர்கள் அறிவார்கள். நாயின் வாரைப் பிடித்திருப்பவருக்கு மிச்சமிருப்பது ஒரு கைதான். 2014 ஏப்ரலில் ஷோபியானில் தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனை இழந்த நம் ஊருக்கு, இத்தகைய நெருங்கிய சண்டை தொலைதூரச் செய்தி அல்ல.

கல்வானைச் சுட்டிக்காட்டி, பிஸ்டல் இருந்தும் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜூன் 15 அன்று ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி உள்ளிட்ட 20 பேர் உயிர்நீத்த அந்த மோதலில் துப்பாக்கி சுடப்படாததற்கு, எல்லைக் கோட்டருகே சுடுவதில்லை என்று 1996-ல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்பாடே காரணம். அங்கே தேவைப்பட்டது கேடயமும் தடியும் உடல் கவசமும். அந்தத் தேவையைத் தனியே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே டெண்டரில் குழப்பக் கூடாது. பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது இருக்கட்டும், எடையும் அதிகமில்லை. ஆனால் நெருக்கடியில் ரைபிளின் முனையில் அதை மாட்டிக்கொண்டிருக்க எவருக்கும் நேரமிருக்காது.

பாதுகாப்பு அமைச்சகத்தின் அடுத்த பிஸ்டல் கொள்முதல் அறிக்கை வெளிவரும்போது, எத்தனை பிஸ்டல் என்ற எண்ணோடு, ஒவ்வொன்றுக்கும் எந்த உறை, ஆண்டுக்கு எத்தனை பயிற்சி ரவுண்டு, தற்போதைய ஜாக்கெட்டோடு சேர்த்து அணிந்து சோதிக்கப்பட்டதா என்ற மூன்று விவரங்களையும் தங்கள் நிருபர்கள் கேட்டு வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர்,
பல்லாவரம், சென்னை.