விட்டது சரி, அதுக்குப் பதில் என்ன?

தண்டையார்பேட்டை
சனிக்கிழமை மதியம்

கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படித்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 238, அதில் கெட்டது என்கிற எல்.டி.எல். 162, நல்லது என்கிற எச்.டி.எல். 36, ரத்தத்தில் ஓடுகிற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 200. எச்.டி.எல். குறைவு, மத்ததெல்லாம் முப்பத்திரண்டு வயசுக்கு அதிகம்தான். ஆனால் என்னை உறுத்தினது அதுக்குக் கீழே நீ தட்டியிருந்த வரி. "மீன், முட்டை, வேர்க்கடலை எல்லாத்தையும் விட்டுட்டேம்மா. காலைல பிரெட் ஜாம், நைட்டு சாதம் ரசம். கவலைப்படாதே."

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதே கூத்தை நானும் ஆடியிருக்கிறேன். நீ காலேஜ் கடைசி வருஷம் படித்தபோது எனக்கு எல்.டி.எல். 158 வந்தது. ஒரு டாக்டர் தலையைத் தூக்காமலே "கொழுப்பை விடுங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். விட்டேன். காசிமேட்டு மீன் மார்க்கெட் பக்கமே போகவில்லை. ஆனால் வயிறு சும்மா இருக்குமா? டீக்கு நாலு ரஸ்க், மதியம் ஒரு கும்பாச் சாதம், ராத்திரி ரவா உப்புமா. மூணு மாசம் கழித்துப் பார்த்தால் எல்.டி.எல். 154. ட்ரைகிளிசரைடு மட்டும் 170-லிருந்து 245-க்கு ஏறியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தினவளுக்கு இது என்ன கணக்கு என்றே புரியவில்லை.

அப்புறம் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "விட்டது சரி. அதுக்குப் பதிலா என்ன சாப்ட்டீங்க?"

மிஞ்சின மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிவிடும். ட்ரைகிளிசரைடு ஏறினது அப்படித்தான். வீட்டுக்கு வந்து ரஸ்க் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். மைதா, சர்க்கரை, பாமாயில். கொழுப்பை விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, தினம் நாலு துண்டு கொழுப்பை டீயில் நனைத்துத் தின்றிருக்கிறேன்.

பழைய டீச்சர் புத்தி போகுமா? அன்றைக்கே மூணு எவர்சில்வர் கிண்ணத்தில் நெய், ரேஷன் பாமாயில், நல்லெண்ணெய் மூணையும் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் நெய் கல்லு மாதிரி. பாமாயில் வெள்ளையாகக் கெட்டியாகிக் கிடந்தது. நல்லெண்ணெய் மட்டும் சாய்த்தால் ஓடியது. உங்க நைனா, "என்னாடி இது, அடுப்படில லேபு வச்சிருக்க?" என்று சிரித்தார். உறைகிறது நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் அது பாதிக்கு மேலே, பாமாயிலில் பாதிக்குக் கிட்டத்தட்ட. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிற வேலை கல்லீரலுடையது. இந்தக் கொழுப்பு அதிகமானால் அந்த வேலை மந்தமாகிவிடும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மீன், கொட்டைகள் என்று வைத்தால் எல்.டி.எல். இறங்கும். பிரெட்டும் ஜாமும் வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பாமாயிலைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. நம்ம தெருவில் பாதி வீட்டில் அதில்தான் தாளிப்பு, கைக்கு எட்டுகிறது அதுதான். எனக்குக் கோபமெல்லாம் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் மேல்தான். கொலஸ்ட்ரால் மாட்டிலும் மீனிலும் முட்டையிலும் இருக்கும், செடியில் ஏது? எந்தத் தாவர எண்ணெய்க்கும் அது பொருந்தும். நீ வாங்கி வைத்திருக்கிற அந்த விலை கூடின டப்பாவிலும் அதேதான்.

காலைக் காப்பியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பினாயே, அதையும் பார்த்தேன். எச்.டி.எல். ஏறும் என்கிறான், உண்மை. கூடவே எல்.டி.எல்.லும் ஏறும் என்பதைச் சொல்லாமல் முழுங்கிவிட்டான். சட்னிக்குத் தேங்காய் போட்டுக்கொள், யார் வேண்டாம் என்றது? காப்பியில் எண்ணெய் வேண்டாம்.

மீனுக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்கு முன்னே காசிமேட்டுக்குப் போனேன். வஞ்சிரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். நம்ம மீன்கார ஆயா தரையில் கூறு கட்டி வைத்திருந்த மத்தியை யாரும் சீண்டவில்லை. "வா டீச்சரு, உனக்குன்னுதான் வச்சிருக்கேன்" என்று இன்னும் நாலு மீனை அள்ளிப் போட்டது. வயிற்றைக் கீறினால் விரலில் எண்ணெய் பிசுபிசுக்கும், அந்த எண்ணெயில்தான் ஒமேகா-3 என்கிற நல்ல கொழுப்பு இருக்கிறது. அது எல்.டி.எல்.லைப் பெரிதாக அசைக்காது, ட்ரைகிளிசரைடை இறக்கும். உனக்கு ரெண்டுமே இறங்க வேண்டும். வாரம் ரெண்டு நாள், மத்தியோ கானாங்கத்தையோ, புளி ஊற்றிக் குழம்பாக வை. முறுகப் பொரித்தால் மீன் எண்ணெயோடு கடாய் எண்ணெயும் சேர்ந்து உள்ளே போகும்.

முட்டையையும் பாவம் ஒதுக்கிவைத்திருக்கிறாய். ஒரு மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் உடம்பிலிருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு கல்லீரல் தானே செய்துகொள்வது. எனக்கு டாக்டரம்மா வாரத்துக்கு நாலு முட்டை அனுமதித்தார். ராத்திரிப் பரோட்டா சால்னாவைத்தான் கேட்டுக் கேட்டு நிறுத்தச் சொன்னார்.

வெண்டைக்காய், அவரைக்காய், காராமணி, கொண்டைக்கடலைச் சுண்டல், கொய்யா, ஓட்ஸ் கஞ்சி இதெல்லாம் தினம் ஏதாவது ஒன்று இருக்கட்டும். இதிலிருக்கிற கரையும் நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். கல்லீரல் புதுப் பித்தம் செய்ய ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். வெண்டைக்காய் கொழகொழ என்று சின்ன வயசில் தட்டிலிருந்து தள்ளுவாயே, அந்தக் கொழகொழப்புதான் மருந்து.

நல்ல எண்ணெய் என்று கொட்டிக்கொள்ளவும் கூடாது. எங்கள் ரெண்டு பேருக்கும் மாசம் ஒரு லிட்டர். கேனில் வாரத்துக்கு ஒரு கோடு பேனாவால் போட்டு வைத்திருக்கிறேன்.

நான் நாலு மாசத்தில் 154-லிருந்து 133-க்கு வந்தேன். அதுக்கு மேல் இறங்கவில்லை. ராத்திரி ஒரு சின்ன மாத்திரை போடுகிறேன், அதில் வெட்கம் என்ன இருக்கிறது? உங்க தாத்தாவுக்கு 51 வயசில் மாரடைப்பு வந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லு. தைராய்டும் பார்க்கச் சொல்லு, அது மந்தமாக இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அந்த எச்.டி.எல். 36-க்கு உன் ஆபீஸ் வாசல் பெட்டிக்கடை சிகரெட்டும் ஒரு காரணம். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே, போன தீபாவளிக்கு உன் சட்டையைத் துவைத்தது நான்தான்.

கூரியரில் வறுத்த வேர்க்கடலை ஒரு கிலோ, எள்ளுப்பொடி, காராமணி அனுப்பியிருக்கிறேன். கடலை ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, உன் கை இல்லை, என் கை. மூணு மாசம் கழித்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பன்னிரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரோடு இருந்து மறுபடி டெஸ்ட் எடு. நாலு நம்பரையும் அனுப்பு, மொத்தத்தை மட்டும் அனுப்பாதே.

லீவு எப்போது போடுகிறாய்? ஏப்ரல் 15-க்கு முன்னால் வந்தால் கானாங்கத்தைக் குழம்பு. அதுக்கு அப்புறம் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் நம்ம விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும்தான் கிடைக்கும், பார்த்துக்கொள்.

அம்மா