டிஸ்க் விலகுவதில்லை, பிதுங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்டி முதல் ஏர்வாடி வரை எந்தக் கரைக்குப் போனாலும் "இடுப்புல டிஸ்க் விலகிருச்சு" என்ற பேச்சு காதில் விழும். பாதித் தொல்லைக்கு இந்த 'விலகல்' என்ற சொல்லே காரணம். விலகியதை உள்ளே தள்ளிவிடலாம் என்று ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் மிதிக்கிறார்கள்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் எங்கும் நகர்வதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுக ஒட்டியிருக்கிறது. கழுத்திலிருந்து இடுப்பு வரை மொத்தம் 23. நடுவில் கூழ், சுற்றிலும் வெங்காயம் போல அடுக்கடுக்காக நார் வளையம். வளையம் கிழிந்தால் கூழ் பின்பக்கம் பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும். மிதித்தால் அது இன்னும் பிதுங்கலாம், உள்ளே போகாது.

பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் கோளாறு வரும். கடைசிக்கு முந்தையது என்றால் கால் பெருவிரலைத் தூக்கப் பலம் இருக்காது. கடைசி டிஸ்க் என்றால் நுனிக்காலில் எழும்பத் தடுமாறும், சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். தும்மினால் முழங்காலுக்குக் கீழே சுரீரென்று இறங்குகிற வலி, சாதாரணப் பிடிப்பாக இருப்பது அரிது.

படகு வேலையில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், கண்ணயர்ந்தவர் எழுந்த கையோடு குனிந்து வலை இழுப்பதில் ஆபத்து இருக்கிறது. வலை காத்திருக்காது என்பீர்கள், சரி. குனிவதை இடுப்பில் செய்யாமல் முழங்காலில் செய்யுங்கள்.

தூரமும் ஒரு பாரம்தான். முதுகுத் தசை டிஸ்க்குக்குச் சுமார் 5 செ.மீ. பின்னாலிருந்து இழுக்கிறது. 20 கிலோ மீன் கூடையை 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அந்தத் தசை ஏறக்குறைய 200 கிலோவுக்கு இழுக்க வேண்டும். அத்தனையும் டிஸ்க் மேல் இறங்கும். வயிற்றோடு அணைத்தால் பாதியாகும். ஐஸ் பெட்டியைத் தூக்கியபடி இடுப்பைத் திருகி வண்டியில் எறிவது இதைவிட மோசம், பாதத்தைத் திருப்புங்கள். பாசி எடுக்கும் பெண்களுக்குத் தண்ணீருக்குள் இடுப்பில் அவ்வளவு பாரமில்லை. ஈர மூட்டையைக் கரையேற்றும்போதுதான் பிடித்துக்கொள்ளும். இரண்டு நடையாகக் கொண்டுவரலாம்.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே குறையும். பிதுங்கிய கூழ் தானாகச் சுருங்குவதும் உண்டு. இரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடக்க வேண்டாம், நடங்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் பிதுக்கம் தெரியும் என்பதால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஆனால் சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றும் வராவிட்டால், உட்காரும் இடம் மரத்துப்போனால், இரண்டு காலும் தளர்ந்தால், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கடலில் இருந்தால் படகைத் திருப்புங்கள். எம்.ஆர்.ஐ. வசதியும் ஆபரேஷன் வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். "சிறுநீர் வரவில்லை" என்பதை வாசலிலேயே முதலில் சொல்லுங்கள். முதுகுவலி என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
மண்டபம்.